கன்னத்துத் தழும்பும் முந்திரி எண்ணெயும்

அக்காவின் இடது கன்னத்தில் இருந்த தழும்பு அம்மாவின் கோபத்தால் வந்தது. எதற்கோ எரிச்சல்பட்டு அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியை அம்மா வீச, அது நேராக அக்காவின் முகத்தில் பட்டுவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான். காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் இந்தக் கதை தெரியாதவர்களே கிடையாது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பூரித்துக் கிடந்த வருஷம், எங்கள் வீட்டில் மட்டும் வேறு கவலை. பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இன்னும் பத்தே நாள். அதற்குள் தழும்பு போயாக வேண்டும்.

அம்மா கஸ்தூரி மஞ்சள் பூசினாள். சீன மருந்துக் கடையில் முத்துப் பொடி வாங்கிக் குழைத்துப் போட்டாள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசராக இருந்த மாமா, "தேங்காயெண்ணெய் தொட்டு தினம் அழுத்தித் தேச்சு விடுக்கா. வெயில் படக் கூடாது. மாசக் கணக்காகும். மங்கும், ஆனா முழுசா மறையாது" என்று உள்ளதைச் சொன்னார். மாசக் கணக்குக்கு நாங்கள் எங்கே போவது?

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் அந்த யோசனையைக் கொண்டுவந்தாள். "முந்திரிக்கொட்டைத் தோலச் சுட்டா எண்ணெய் வடியும். அத வச்சா பழைய தோலு உரிஞ்சு புதுசு வந்துரும். எஸ்டேட்டுல ஒருத்தி பச்சை குத்துனதையே எடுத்தா, நான் பாத்தேன்."

மறுநாள் காலையிலேயே சுட்டுவிட்டார்கள். புகையில் கண் எரிந்தது. சட்டியில் கறுப்பாக எண்ணெய் வடிந்தது. அக்கா பலகையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை பச்சை முந்திரிக்கொட்டையைக் கடித்து உதடு வெந்தது எனக்குத்தானே தெரியும்!

"வேணாம்மா, வெந்துரும்மா!"

"வாய மூடுடி!"

பஞ்சு சுற்றிய குச்சி அக்காவின் கன்னத்துக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது.

"வையி, என்னத்த யோசிக்கிற?" என்றாள் பெரியம்மா.

அம்மா சட்டென்று குச்சியைத் திருப்பித் தன் முன்கையில் நீளமாக இழுத்தாள். "மொதல்ல எனக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம்."

அன்று முழுக்க நாங்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் வரை ஒன்றுமில்லை. "நான் சொன்னேன்ல?" என்று பெரியம்மா குச்சியை எடுத்து நீட்டினாள். அக்கா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். பாவி மனுஷி, போய்த் தொலைய மாட்டாளா என்றிருந்தது எனக்கு. "பொழுது சாயட்டும்" என்றாள் அம்மா.

பொழுது சாய்ந்தபோது கை சிவந்திருந்தது. விடிந்தபோது நெடுகக் கொப்புளம். பெரியம்மா நான்கு நாள் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை.

செமாபோக்காரர்கள் வந்தார்கள். தழும்பை நன்றாகவே பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதற்கா இத்தனை கூத்து!

கல்யாணம் வரை அம்மா தினமும் அக்காவின் கன்னத்தைத் தேய்த்து விட்டாள். மாமா சொன்னபடியே அது மங்கியது. அம்மாவின் கையில்தான் கறுப்பாக, தடிப்பாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய், "உனக்கும் தேச்சு விடறேம்மா" என்றேன்.

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம். இது இப்படியே இருக்கட்டும்."

பாவம், அக்காவுக்காக எண்ணெயை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.