கவிழ்த்த கை

பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வாயால் பேசுகிறவன் முட்டாள். விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனின் தும்மல்கூடக் கேட்காது. அதனால் எங்களுக்குக் கைதான் பேச்சு. இழை அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீ வந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் சைகை உண்டு.

இராஜபாளையத்துக் கூடத்தில் எனக்கு அடுத்த தறி ஓட்டிய அண்ணனும் நானும் மட்டும் கூடுதலாகச் சில சைகைகள் வைத்திருந்தோம். இருவரும் செங்கொடிச் சங்கத்துக்காரர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். பஸ்ஸில் அண்ணன் தூங்கிவிடுவார். அதனால் அவர் ரேடியோவில் கேட்ட செய்தி தறியடியில்தான் எனக்கு வரும். விரித்த உள்ளங்கை என்றால் செங்கொடி ஆளும் நாடு. அதைக் கவிழ்த்தால் ஆட்சி போய்விட்டது. உள்ளங்கையில் முஷ்டியால் குத்தினால் ரஷ்யா. ஒருநாள் சுண்டுவிரலைக் காட்டிவிட்டுக் கையைக் கவிழ்த்தார். கிரெனடா என்ற சின்னத் தீவு. அங்கே தோழர்களே தங்கள் தலைவரைச் சுட்டார்கள், பின்னாலேயே அந்நியப் பட்டாளம் இறங்கியது.

மேஸ்திரிக்கு எங்களைக் கண்டால் இளக்காரம். “மாஸ்கோவுல மழை பேஞ்சா இவிய இங்க குடை புடிப்பாவ” என்பார். பிடித்தோம்தான். எனக்கு வேறு என்ன இருந்தது? கல்யாணம் கூடிவரவில்லை. ஒற்றை அறை, மெஸ் சாப்பாடு. நாள் முழுக்க என்னிடம் பேசுகிற ஒரே ஆள் அண்ணன்தான், அதுவும் கையால்.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் ஒரு காலை அவர் பஸ்ஸில் தூங்கவில்லை. தறியடிக்கு வந்ததும் முஷ்டியால் குத்தினார். கையைக் கவிழ்த்தார். பிறகு மெதுவாக நிமிர்த்தினார். அப்படி ஒரு சைகை அதுவரை எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. டீ நேரத்தில் விவரம் சொன்னார். ரஷ்யாவில் அதிபரைக் காவலில் வைத்துவிட்டு, பழைய தலைவர்கள் டாங்கிகளோடு ஆட்சியைப் பிடித்துவிட்டார்களாம்.

“இனி எல்லாம் சரியாப் போகும்லே” என்றார். மறுநாள் பால்கோவா வாங்கி வந்து கூடம் முழுக்கக் கொடுத்தார், மேஸ்திரிக்கும் சேர்த்து.

டீ நேரத்தில் என் பங்கைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். “நம்ம ஆளுகளே நம்ம சனத்து முன்னால டாங்கிய நிறுத்துனா அது எப்படிண்ணே நம்ம ஆட்சி? அந்தத் தீவுல என்ன ஆச்சுன்னு பாத்தோம்லா?”

“ஒனக்கு நம்பிக்கையே கெடையாது. நீயெல்லாம் எதுக்குலே சங்கத்துல இருக்க?”

நான் கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மூன்றே நாளில் அந்த ஆட்சிக்கவிழ்ப்பு பிசுபிசுத்துப் போனது. டீக்கடையில் மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கும்படி, “பால்கோவா மிச்சம் இருக்கா?” என்றார். அண்ணன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் கை எனக்காக எழவில்லை. பஸ்ஸிலும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சொன்னதுதான் நடந்தது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான்.

மார்கழியில், மாஸ்கோவில் செங்கொடியை இறக்கிவிட்டார்கள் என்று டீக்கடைப் பேப்பரில் படித்தேன். அண்ணனுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் ஒரு நப்பாசை. இந்தத் துக்கத்தையாவது இருவரும் சேர்ந்து தாங்கினால் பழைய பேச்சு திரும்பிவிடும் என்று நினைத்தேன். தறியடியில் அவர் பார்வை என் பக்கம் வந்தபோது முஷ்டியால் குத்தி, கையைக் கவிழ்த்தேன்.

அண்ணன் தன் தறியை நிறுத்தினார். நெய்த துணிக்குத்தான் கூலி என்கிற இடத்தில் யாரும் சும்மா தறியை நிறுத்த மாட்டார்கள். பக்கத்தில் வந்து என் தறியையும் அவரே நிறுத்தினார். பிறகு வாயால் சொன்னார்.

“இனிமே எனக்கு எந்தச் சேதியும் சொல்லாதீங்க.”

அத்தனை வருஷமும் ‘ஏலே’ என்று கூப்பிட்டவர். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அவர் வேறு கூடத்துக்கு மாறிப் போய்விட்டார். அந்தத் தறிக்கு வந்தவருக்கு வேலைச் சைகைகள் மட்டும் தெரியும். பின்னால் டெல்லியிலேயே அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. ஒவ்வொரு முறையும் என் கை தானாக எழும். பக்கத்துத் தறிப் புதியவர் கவனிப்பதற்குள் அதைக் கைலியில் துடைத்துக்கொள்வேன்.