காலண்டரிலும் தெறித்த பருப்பு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், தாயே என்பேன், திரும்ப வைத்துவிடுவேன். எனக்குத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்புதான். அதோடு, நடந்தது என்னவென்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. விளங்காததை எழுதி அம்மன் காரியத்தில் பொய் சேர்த்துவிடுவேனோ என்று பயம். ஆனால் நான் எழுதாமல் இருந்தும் பொய் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த வருஷம் நமுனுகுலைப் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நான் காப்புக் கட்டியிருந்தேன். மருமகளுக்காக நேர்ந்தது. அவளுக்கு முதலில் உண்டான பிள்ளை தங்கவில்லை. மறுபடி உண்டாகி, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. இந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கையில் கொடு, உனக்கு விரதம் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

காப்புக் கட்டியவனுக்கு மாமிசம் ஆகாது. மாமிசம் பட்ட சட்டியும் ஆகாது. பகலில் ஒரு வேளைச் சோறு, அதையும் அம்மன் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். சமைக்கிறவர் உப்புப் பார்க்கக்கூடாது. வாசனை பிடித்தாலே எச்சில் பட்ட மாதிரி என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

தினமும் என் மனைவிதான் புதுச்சட்டியில் விறகடுப்பில் சமைத்து வைப்பாள். அன்றைக்கு அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள். விடிய விடிய மழை பெய்து விறகெல்லாம் ஈரம். கொழும்பில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்த கேஸ் அடுப்பும் குக்கரும் வீட்டில் இருந்தன.

"மாமா, அடுப்பு புகையத்தான் செய்யுது. பருப்ப குக்கர்ல வச்சிரட்டுமா?" என்றாள் மருமகள்.

"அது சுத்தமா இருக்காம்மா?"

"சாம்பல் போட்டுத் தேச்சு, மஞ்சத் தண்ணியில கழுவிட்டுத்தான் கேக்குறேன். மூடி போட்டுட்டா வாசனைகூட வெளிய வராது மாமா. யாரு மூச்சும் படாது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வாயை இறுக்கி மூடிய பாத்திரம். எட்டிப் பார்க்கவும் முடியாது, கிண்டவும் முடியாது. அம்மனுக்குப் படைக்க இதைவிடச் சுத்தமாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் குக்கரில் கடலை மட்டும்தான் அவிப்பது வழக்கம். நாங்கள் சாப்பிடும் சிவப்பு மைசூர் பருப்பு திறந்த சட்டியிலேயே சட்டென்று கரைந்துவிடும். அதைக் குக்கரில் வைத்தவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே யாரும் கிடையாது.

"எத்தன விசிலு?"

"கடலைக்கு அஞ்சு வைப்பேன். பருப்புக்கு ரெண்டு போதும்னு நினைக்கிறேன்."

அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. குக்கர் அடுப்பில் இருக்கும்போதே தப்புப் பறைச் சத்தம் கேட்டது. கரகம் லயம் லயமாக வரும் நாள் அது. கரகம் வாசலுக்கு வந்தால், தூக்கி வருகிறவர் காலில் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை விட்டுக் கும்பிட வேண்டும். காப்புக் கட்டியவன் வீட்டில் அது தவறக்கூடாது. நான் வாசலில் நின்றேன். அவள் குடத்தோடு பக்கத்தில் நின்றாள். ஒடுக்கமான லயத்துக்குள் தப்பு அடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. உள்ளே விசில் வந்ததா, வரவில்லையா என்று இன்றைக்கும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவள் குனிந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, அந்தத் தப்புச் சத்தத்தையும் மீறி உள்ளே புஸ்ஸென்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தோம். குக்கரின் மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்த சின்ன அடைப்பு ஒன்று கழன்று, அந்த ஓட்டை வழியாகப் பருப்பு கூரைத் தகரம் வரை பீறிட்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், காம்பரா அறை முழுக்க மஞ்சள். அம்மன் படத்தில் பருப்பு, மகனின் கல்யாணப் படத்தில் பருப்பு, காலண்டரில் பருப்பு, மடித்து வைத்த துணியில் பருப்பு.

கரகத்தோடு வந்த பக்கத்து லயத்து அம்மா ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"கோழி வெந்த குக்கர்ல ஆத்தாளுக்குப் பருப்பு வச்சா, ஆத்தா சும்மா இருப்பாளா?" என்றார்.

மருமகள் முகம் வெளுத்துவிட்டது. தீபாவளிக்கு மகன் வந்திருந்தபோது கோழி சமைத்தது உண்மை. குக்கரிலா, சட்டியிலா? அவளுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. சாயங்காலம் மனைவி வந்ததும் கேட்டோம்.

"சட்டியிலதான். நாந்தான நின்னு கிண்டுனேன்."

மகனுக்குப் போன் போட்டோம். "குக்கர்லதாம்மா. விசில் சத்தத்துலதான நான் முழிச்சேன்" என்றான்.

"அது கடலைடா."

"தீபாவளிக்கு யாரும்மா காலையில கடலை அவிப்பா?"

"நாந்தான்டா அவிச்சேன். நீதான அள்ளி அள்ளித் தின்ன."

"எனக்குக் கோழிதாம்மா ஞாபகம் இருக்கு."

பேசப் பேசக் குழப்பம்தான் கூடியது. போனை வைத்தபோது மருமகள் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"லுணுகலையில எங்கம்மா வீட்டுக்குப் போறேன் மாமா. நான் இங்க இருந்தா உங்க விரதத்துக்கு ஆகாது. இந்தப் புள்ளைக்கும்…" என்று வயிற்றில் கை வைத்தாள்.

அம்மன் கோபப்பட்டுவிட்டாள் என்று ஒரு மனம் சொன்னது. கரகம் வந்து வாசலுக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால், அவள் குக்கருக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள், கொதிக்கிற பருப்பு அவள் முகத்திலும் வயிற்றிலும் அடித்திருக்கும், காப்பாற்றியதே அம்மன்தான் என்று இன்னொரு மனம் சொன்னது. ஒரே நேரத்தில் அம்மன் கோபப்படவும் செய்வாளா, காப்பாற்றவும் செய்வாளா? தாய் என்றால் இரண்டும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. படத்திலிருந்த பருப்பைத் துடைக்கலாமா என்பதுகூடத் தெரியாமல் ஒருவரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் கோயில் பூசாரியைக் கூட்டி வந்தேன். "விடிஞ்சதும் பஸ்ஸுக்குப் போறேன்" என்று சொல்லியிருந்தவளை, அவர் வரும் வரைக்கும் இரும்மா என்று நிறுத்தி வைத்திருந்தேன். பூசாரி காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். அம்மன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அம்மன் கன்னத்தில் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இந்தப் பருப்ப யாராச்சும் வாயில வச்சீங்களா?"

"இல்லைங்க."

"உப்புப் பாத்தீங்களா?"

"எங்கங்க பாக்கிறது? மூடித்தான இருந்துச்சு."

"அப்ப மொதல்ல சாப்பிட்டது யாரு?"

அவர் படத்தைக் கையால் காட்டினார்.

"நீங்க படைக்கிற வரைக்கும் ஆத்தாளுக்குப் பொறுக்கல. அவளே எடுத்துக்கிட்டா."

மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "காலண்டரும் சாப்பிட்டிருக்கு சாமி."

"அது மிச்சம்மா. மிச்சத்த யாரும் சாப்பிடலாம்."

அவள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். நான் விடாமல், "அந்தக் கோழி விஷயம் சாமி?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆத்தா என்கிட்ட சொல்லல. மஞ்சத் தண்ணியில துணிய நனைச்சுப் படத்தத் தொடைங்க. காப்ப அவுத்துராதீங்க."

அவர் போன பிறகு மருமகள் பையைத் திறந்தாள். உள்ளே மடித்து வைத்திருந்ததையும் பருப்புத் தெறித்த துணிகளையும் ஒன்றாக வாளியில் ஊறப்போட்டாள்.

பிறகு குக்கரைப் பதுளை டவுனில் ஒரு பாத்திரக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர், மைசூர் பருப்பு நுரைத்து விசில் குழாயை அடைத்திருக்கும், அப்படி அடைத்தால் கழன்றுகொள்ளத்தான் அந்தச் சின்ன அடைப்பு இருக்கிறது என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆனால் கரகம் அந்த நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்ததற்கு அவரிடம் என்ன கேட்பது? குக்கரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண் பிள்ளை. இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். பருப்பைச் சட்டியில்தான் வைக்கிறோம்.

அண்மையில் மருமகளும் பேத்தியும் நானும் ஹாலிஎலவுக்கு பஸ்ஸில் போனோம். முன் சீட்டில் ஒரு அம்மா இன்னொருவருக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். நமுனுகுலைப் பக்கம் ஒரு மருமகள், மாமனாரின் விரதத்தைக் கெடுக்க வேண்டுமென்றே கோழி வெந்த குக்கரில் பருப்பு வைத்தாளாம். மூடி பறந்துபோய் அம்மன் காலடியில் விழுந்ததாம். ஒரே ஒரு சொட்டுப் பருப்பு அம்மன் உதட்டில் நின்றதாம். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மருமகள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். "வேணாம் மாமா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் குக்கரை எடுத்து, மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மூடி பறக்கவில்லை. சாம்பலும் மஞ்சளும் போட்டுத்தான் அவள் கழுவினாள். கோழி எதில் வெந்தது என்று கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். அம்மன் கன்னத்தில் பருப்பு இருந்ததைச் சொல்கிறவர்கள், தயவு செய்து காலண்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.