பதினோரு சைபர்

சங்ககிரியில் வீடு வீடாகப் போய், தொட்டியிலும் டிரம்மிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது சரிதாவின் வேலை. எட்டு வருஷமாக ஊராரின் அழுக்குத் தண்ணீரில் கைவிட்டு அவளுக்கு அருவருப்பே மரத்துப்போயிருந்தது. இந்த ஐப்பசியில் அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

அவள் எழுதும் எண்களைக் கல்லூரி ஆராய்ச்சியாளன் தீனதயாளன் வாங்கிக்கொள்வான். புழு, மழை, வெயில் மூன்றையும் கணக்கில் போட்டு, மூன்று வாரம் கழித்து எந்தத் தெருவில் டெங்கு வரும் என்று கம்ப்யூட்டரில் காட்டுவான். சிவப்பாகக் காட்டும் தெருவுக்குப் புகை மருந்து போகும். பச்சைத் தெருவுக்குப் போகாது.

சரிதா வீட்டுக்குப் பின்னால் பழைய லாரி டயர்களைக் குவித்து வைத்த ஒரு யார்டு. மழை பெய்தால் டயருக்கு டயர் தண்ணீர் நிற்கும். முதலாளி கேட்டைத் திறக்கவே மாட்டார். சூப்பர்வைசர் நவநீதகிருஷ்ணன் அதற்கொரு வழி சொல்லிவைத்திருந்தார்.

"பூட்டுன எடத்துக்கெல்லாம் சைபர் போட்ரும்மா. கட்டத்தைக் காலியா உட்டா கம்ப்யூட்டரு வாங்காது."

எல்லாரும் போட்டார்கள். இவளும் போட்டாள், பதினோரு வாரம்.

இப்போது மூத்த மகள் கிருத்திகா டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வீட்டில் இருக்கும் சின்னவளையாவது காப்பாற்ற வேண்டும். தெருவுக்குப் புகை கேட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே வந்திருந்த தீனதயாளன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"ஏனுங்க்கா, உங்க தெரு பச்சைங்க. பதினோரு வாரமா ஒரு புழுகூட இல்லீங்க."

கீழே, கணக்கெடுத்தவர் சரிதா என்று இருந்தது. தன் பெயரையே பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அத்தனையும் பொய்யி தம்பி. டயர் யார்டுக்குள்ள நான் போவவே இல்லை."

நவநீதகிருஷ்ணன் டீயிலிருந்து தலை நிமிரவில்லை. "புழுவைக் கண்ணுல பாத்தியா? பாக்காம எப்படிம்மா மாத்துறது?"

சீ, சைபர் போடச் சொன்னதும் இதே வாய்தான்.

நேரே போய் யார்டுச் சுவரேறிக் குதித்தாள். முதல் டயரிலேயே கைவிட்டு, நாறும் தண்ணீரைப் பாட்டிலில் மொண்டு வந்து அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே கொசகொசவென்று நெளிந்தது.

"எண்ணிக்கோங்க சார். பறந்து போயி எம்புள்ளையைக் கடிச்சது போக மிச்சம் இது."

அவர் டம்ளரை நகர்த்திக்கொண்டார். தீனதயாளன் சைபரை மாற்றினான்; தெரு சிவப்பானது. சாயங்காலம் தெருவுக்குப் புகை வந்தது.

ஆஸ்பத்திரிக் குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டாள். டயர் நாற்றம் போய்விட்டது. ஆனாலும் சைபர் போட்ட அந்தக் கையால் மகளின் நெற்றியைத் தொட அவளுக்குக் கூசியது.