கடைசியில் மிஞ்சுகிறவன்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் பேரை ஒரு கட்டடத்துக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, ஒருவன் மட்டும்தான் உயிரோடு வெளியே வரலாம் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்கிறது. நான் எட்டிப் பார்த்தேன். "அப்பா, இது ஜப்பான் படம். நீங்க பாக்காதீங்க, தூக்கம் வராது" என்றாள் பெரியவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதிரிப் படத்தை நான் பார்த்தபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.

அப்போது எனக்குத் துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை. சூளைப் பக்கம் எனக்கு டூட்டி. அங்கே களிமண் தூசி மாவு போல எல்லாவற்றிலும் படியும். தலையணையில், இட்லியில், காதுக்குள்ளே. இன்றைக்கும் மழையில் நனைந்த சுவர் வாசனை வந்தால் எனக்கு ஊர் ஞாபகம் வராது, கேம்ப் ரூம்தான் வரும். ரூமில் ஆறு பேர். ஒரே அடுப்பு, ஒரு பெரிய குண்டான். முறை வைத்துச் சமைப்போம். என் முறை வரும் நாளில் மற்றவர்கள் ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதை இப்போது உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை லீவு. சாப்பிட்டதும் படம். அறந்தாங்கிக்காரர் முருகேசனிடம் டிவிடி பிளேயர் இருந்தது. அதனால் ரூமில் அவர் வைத்ததுதான் சட்டம். பலசரக்குக் கடை வாசலில் பையோடு நிற்கும் ஆளிடம் சிடி வாங்கி வருவார். ஒரு வெள்ளிக்கிழமை அட்டையில் தமிழ்ப்படம், போட்டுப் பார்த்தால் உள்ளே ஜப்பான். ஓடிப்போய்ப் பார்த்தார், விற்றவன் மறைந்துவிட்டான். காசு கொடுத்தாயிற்று, ஓடட்டும் என்று விட்டோம்.

பேச்சு ஜப்பான், கீழே எழுத்து அரபி. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கதை புரிந்துவிட்டது. பூட்டிய கதவு, ஒலிபெருக்கிக் குரல், ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை. முகமே தெரியாத அந்தக் குரலுக்கு முருகேசன்தான் பெயர் வைத்தார். "பங்காளி, இவந்தான்டா கபீலு." நம்முடைய விசாவைக் கையில் வைத்திருக்கும் முதலாளிக்கு அங்கே அதுதான் பெயர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குமேல் அந்தக் குரலைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதே படம். எத்தனை தமிழ்ப்படம் வந்தாலும் கடைசியில் இதையே போடச் சொல்வோம். ரத்தம் பார்க்க ஆசையா என்று கேட்பீர்கள். அது இல்லை என்று நினைக்கிறேன். பார்க்கிற எல்லாரும், கடைசியில் மிஞ்சுகிறவன் நான்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு பார்த்தோம். முதலில் சாகிற ஆளாகத் தன்னை எவனும் நினைக்கவில்லை. அந்த ருசிதான் எங்களை இழுத்தது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

படம் தொடங்கியதும் எழுந்து வெளியே போகிறவன் ஒருவன்தான். எங்கள் ரூமிலிருந்த யாழ்ப்பாணத்து யோகன். "உதெல்லாம் எனக்குப் பாக்கேலாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான். எங்கே போகிறான் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

துபாயில் கிரேன்கள் அப்படியே நின்றுபோன வருடம் அது. டைல்ஸ் வாங்க ஆள் இல்லை. ஒவ்வொரு ரூமிலும் பாதிப்பேரை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. டூட்டியில் தூங்குகிறவன் யார், குறை பேசுகிறவன் யார் என்று போர்மேனுக்கு ரூமுக்குள்ளிருந்தே சேதி போகிறதாம். அம்மா வயிற்றில் பெரியவள் இருந்த நேரம். என் வேலை போய்விடக் கூடாது என்று டூட்டி பஸ்ஸுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

அந்த வெள்ளி படத்தை யாரும் சிரித்துப் பார்க்கவில்லை. திரையில் நல்லவன் போலச் சிரித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் பக்கத்து ஆளை முடித்தான். முருகேசன் என் காதோரம் சொன்னார்.

"பாத்தியா பங்காளி? எல்லாரும் இங்க ஒக்காந்திருக்கப்ப ஒருத்தன் மட்டும் வெளிய போறான். எங்க போறான்?"

நான் பின்னாலேயே போனேன். யோகன் போர்மேன் அறைப் பக்கம்தான் நடந்தான். ஆனால் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தான்.

"என்னை வேவு பாக்க வந்தனீரோ?"

படம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"அது பொய். எங்கட ஊரில ஷெல் விழேக்க, பங்கருக்குள்ள நாலு பேருக்குத்தான் இடம். ஊரே உள்ளுக்கை இருந்தது. நீ வெளிய போ எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை."

நம்பியிருக்கலாம். ஆனால் உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவன் கதை சொல்லி என்னை மடக்குகிறான் என்று தோன்றியது. நான் திரும்பி வந்தபோது ரூமில் பேச்சு நின்றது. யோகனோடு இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று முருகேசன் கேட்டார். சொன்னேன். யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர்களுக்கு நானும் அந்தப் படத்துக் கண்ணாடிக்காரன் ஆகிவிட்டேன்.

அடுத்த வாரம் முருகேசன் தனியாக ஒரு சின்னப் பாத்திரம் வாங்கி வந்தார். அடுத்தவன் சமைத்ததைத் தின்னப் பயமா, அடுத்தவனுக்குச் சமைக்க மனசில்லையா, தெரியாது. பின்னாலேயே எல்லாரும் வாங்கினோம், யோகனும்தான். ஒரு அடுப்புக்கு ஆறு பாத்திரம் வரிசையில் நின்றது. டூட்டி பஸ் ஹாரன் அடிக்கும்போது பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டு ஓடுவோம். பெட்டிகளுக்குப் பூட்டு வந்தது. படம் மட்டும் நிற்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தோம்.

ஒருநாள் போர்மேன் வாசலில் நின்றார். மலையாளி, நல்ல மனிதர்தான். உள்ளே வரவில்லை.

"ஆறு பேரும் சாமான் கெட்டிக்கோ. உங்க சூளை மொத்தம் நிர்த்தியாச்சு. கலாஸ், எல்லாம் முடிஞ்சு."

யார் சொல்லியும் இல்லை, யாரைப் பற்றியும் இல்லை. எங்கள் பெயர்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் ஏர்போர்ட் பஸ்ஸில் அவரவர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தோம். முருகேசன் அந்தப் பிளேயரைத் துண்டில் சுற்றிக் குழந்தை போல வைத்திருந்தார்.

இப்போது சிடி இல்லை, விற்கிற ஆளும் இல்லை. அங்கே இருந்தபோது யோகன் கொடுத்த நம்பரைப் பல வருடம் கழித்துப் போட்டுப் பார்த்தேன், வேறு யாரோ அரபியில் பேசினார்கள். போன ஞாயிறு படம் முடிந்ததும் உங்களிடம் கேட்டேனே, இதில் நீங்கள் யார் என்று. இரண்டு பேரும் கடைசியில் மிஞ்சுகிறவளையே காட்டினீர்கள். ஒலிபெருக்கியில் பேசுகிறவன் யார் என்று கேட்டதற்கு, "அது முக்கியமில்லப்பா" என்றான் சின்னவன்.

ரூமைக் காலி செய்யும்போது சின்னப் பாத்திரங்களை அவரவர் எடுத்துக்கொண்டோம். பெரிய குண்டானை யாரும் எடுக்கவில்லை. கட்டிலடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல், விரல் வைத்தால் பதிகிற அளவுக்கு வெள்ளைத் தூசி.