சோளம் உதிர்த்த பைக்

எங்கள் வீட்டு பைக்கின் ஏர் ஃபில்டர் டப்பாவை நான் முதன்முதலாகத் திறந்தபோது உள்ளே ஃபில்டர் இல்லை. பருத்திப் பஞ்சையும் தலைமுடியையும் சேர்த்துப் பின்னிய ஒரு கூடு இருந்தது. அதற்குள் ரோஸ் கலரில், கண் திறக்காத எலிக்குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்தியதற்கே இந்தக் கதி. அப்பா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் தொறக்காதன்னு சொன்னேன்."

அதாவது, பிரச்சினை எலி இல்லை. நான் திறந்ததுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்னால் அப்பா வாங்கிய வண்டி அது. மீட்டரில் இருந்த ஐந்து கட்டமும் ஒரு முறை தீர்ந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பி, இரண்டாவது சுற்றிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. இத்தனை வருஷத்தில், ஓடாமல் நின்றபோது மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனது போக, அப்பா அதற்குச் செய்த பராமரிப்பு என்றால் ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்பியதுதான். அந்தச் சந்தனமும் சாவி துவாரத்துக்குள் போய்க் கல்லாகி, அதைக் குத்தி எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மற்ற நாளெல்லாம் அது பைக்கே இல்லை, மாடு. உர மூட்டை, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், குறுக்கே படுக்கப் போட்ட வெள்ளாடு எல்லாம் அதன் மேல்தான். வெள்ளாடு சும்மா வராது, சூடான சைலன்சரில் மூத்திரம் பெய்துகொண்டே வரும். அந்த வாடையை மூக்கில் வாங்கியவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். இரவானால் கோழிகள் சீட்டில் ஏறிப் படுக்கும். காலையில் ஆபீசுக்குப் பேண்ட் போடுவதற்கு முன்னால் நான் அந்தச் சீட்டிலிருந்து எச்சத்தைச் சுரண்ட வேண்டும்.

மழை பெய்தால் இன்னும் விசேஷம். எங்கள் பக்கத்துக் கரிசல் மண் ஈரமானால் பசை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பி, அப்பி, கடைசியில் சக்கரம் சுற்றாது. திருச்சுழி ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் இறங்கி, குச்சியால் குடைந்து, கையால் பிடுங்கி, முழங்கை வரை சகதியோடு நிற்பேன். அதே கோலத்தில் அருப்புக்கோட்டை போய், ஏசி ரூமில் உட்கார்ந்து, கஸ்டமரிடம் போனில் "வணக்கம் சார்" என்று இங்கிலீஷ் கலந்து இழைய வேண்டும்.

காலேஜ் முடித்ததும் வண்டி என் கைக்கு வந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆயில் மாற்றினேன், செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், கார்ப்பரேட்டரைப் பிரித்துத் துளைகளை ஊதினேன். நகக்கண்ணில் ஏறின கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் பெட்ரோல் வாடை. இதற்கெல்லாம் வீட்டில் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? பக்கத்து வீட்டிலேயே இருக்கிற சித்தப்பா, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வார்.

"பாருங்கய்யா, பொண்டாட்டி வந்தாக்கூட இவன் இம்புட்டுக் குளுப்பாட்ட மாட்டான்."

போன வருஷம் வண்டி நீலமாகப் புகை விட ஆரம்பித்தது. ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். அருப்புக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அந்தக் கடையை வர்ணித்தால் நீங்கள் சாப்பிட்டது வெளியே வந்துவிடும், ஆகவே ஒன்று மட்டும் சொல்கிறேன். பாக்கு எச்சிலைத் துப்புகிற டப்பாவும் நட்டு போல்ட்டைப் போட்டுவைக்கிற டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி டப்பா. அவரே அவ்வப்போது மாற்றித் துப்பினார். எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ஏறி இறங்குகிற அந்த இரும்புக் குழாயை, அதாவது பிளாக்கை, லேத்துக்கு அனுப்பி, உள்சுவரைக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனைப் போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, இதுதான் கடைசி. ஏற்கெனவே மூணு வாட்டி கடஞ்சிருக்கு. இதுக்கு மேல கடையச் செவுத்துல இரும்பு கெடையாது. புது பிளாக்கு போடலாம்னா இந்த மாடலே இப்ப வாரதில்ல. செவுத்துல கோடு விழுந்துச்சுன்னா எடைக்குத்தான் போடணும், பாத்துக்க."

"கோடு விழாம இருக்க என்னண்ணே பண்ணணும்?"

"ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதுக்கு மேல போகாத. நின்ன எடத்துல வச்சு முறுக்காத. லோடு ஏத்தாத. புதுப் பிஸ்டனு செவுத்தோட ஒட்டிப் பழகணும்ல."

எனக்கு இந்த வண்டி போனால் வேலை போச்சு. என் ஷிப்ட் ராத்திரி ஒன்பதுக்கு முடியும். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எட்டரைக்கே போய்விடும். வீட்டில் புது வண்டிப் பேச்சை எடுத்தால், அது கிணறு தூர்வாரவே பணமில்லை என்கிற பேச்சில் போய் முடியும். ஆகவே மெக்கானிக் சொன்னபடியே நாற்பதில் ஓட்டினேன். அருப்புக்கோட்டையிலிருந்து நாற்பதில் வருவது என்றால் என்னவென்று சொந்தமாக அனுபவித்தால்தான் தெரியும். மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்திருந்த கிழவர் என்னை ஓவர்டேக் செய்தார். பள்ளிக்கூட வேனிலிருந்து பிள்ளைகள் டாட்டா காட்டின. என் கூடப் படித்தவன் ஒருத்தன் பக்கத்தில் வந்து வண்டியை மெதுவாக்கி, "ஏலே, வண்டி ஓட்டுதியா, சப்பரம் இழுக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பறந்தான். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். ஆயிரத்தில் முக்கால்வாசி தாண்டியும் விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் நண்பனுக்குக் கல்யாணம். அவ்வளவு தூரம் வண்டியை ஒரே மூச்சில் ஓட்டினால் பிஸ்டன் சூடாகும் என்று, வண்டியை வீட்டில் பத்திரமாக நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பஸ்ஸில் நசுங்கிப் போய் நசுங்கித் திரும்பினேன்.

ஊரில் இறங்கும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் களத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். தெரிந்த சத்தம். என் எஞ்சின், முழு முறுக்கில், நின்ற இடத்தில் அலறிக்கொண்டிருந்தது. ஓடினேன். கிட்டே போகப் போகப் பாப்கார்ன் வாசனை வந்தது. சத்தியமாகத் தியேட்டர் வாசலில் வருமே, அதே வாசனை.

களத்தில் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. முன்னால் நகர்ந்துவிடாமல் வேப்பமரத்தோடு சேர்த்துக் கயிறு கட்டியிருந்தார்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கி, பழைய சேலைக் கிழிசலால் இறுகக் கட்டியிருந்தார்கள். பின் சக்கரம் பேய் வேகத்தில் சுற்ற, சித்தப்பா கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மக்காச்சோளக் கருதை டயரில் வைத்து அழுத்த, முத்துகள் சிதறிப் பின்னால் கட்டியிருந்த தார்ப்பாயில் பட்டு விழுந்தன. அப்பா கருது எடுத்துக் கொடுத்தார். அம்மா கூட்டி அள்ளினாள். சோளத் தூசியும் சுணையும் எஞ்சினின் இடுக்கெல்லாம் அடைத்து, காற்றுப் போக ஒரு சந்து கூட இல்லாமல், பழுப்பாக வறுபட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனைதான் அது.

"அப்பா! நிப்பாட்டுங்க! யாரு இதச் செய்யச் சொன்னா?"

"ஏன்டா கத்துத? சோளம் அடிக்கிற மெசினுக்காரன் பாதியில கெளம்பிட்டான், நாளைக்கழிச்சு வாரானாம். வானத்தப் பாரு. நனைஞ்சா அம்புட்டும் மொளச்சுப்போகும்."

"எஞ்சினு வெந்துருச்சுப்பா!"

"பம்புசெட்டு எஞ்சினு விடிய விடிய ஓடுது. அது என்ன வெந்தா போச்சு?"

"அது தண்ணியில குளுரும். இது காத்துல குளுருறது. நின்ன எடத்துல காத்து எங்கருந்துப்பா வரும்?"

சித்தப்பா கருதைக் கீழே போட்டார். ஏதோ புரிந்தவர் மாதிரி தலையாட்டினார். "அப்பச் சரி. தண்ணி ஊத்திட்டாப் போச்சு." தொட்டியில் வாளியை முக்கியே விட்டார்.

கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணி பட்டால் பிளாக்கு விண்டுவிடும். பாய்ந்துபோய் வாளியைப் பிடித்தேன். இழுபறியில் பாதித் தண்ணி என் கல்யாணச் சட்டையில் கொட்டியது. அந்த நேரம், யாரும் தொடாமலேயே, எஞ்சின் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பின் சக்கரமும் அப்படியே பூட்டிக்கொண்டது.

கிக்கரை மிதித்தேன். பாறையை மிதிப்பது போல இருந்தது.

பிறகு அம்மா, குவிந்து கிடந்த கருதைப் பார்த்தபடி சொன்னாள்: "இன்னும் இம்புட்டுக் கெடக்கேப்பா."

எனக்கு வந்த அருவருப்பைச் சொல்ல வார்த்தை இல்லை. இத்தனை நாள் கிழவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் முன்னால் விட்டு, புல்லுக்கட்டுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்தது எதற்கு? இடுக்கில் அடைத்திருந்த தூசியைக் குச்சியால் நோண்டினேன். கருகிய சோளம் கையோடு வந்தது. சித்தப்பா அதில் ஒன்றை வாயில் போட்டு மென்று பார்த்தார். அதை என் கண்ணால் பார்த்தேன்.

கொஞ்சம் ஆறியதும் கிக்கர் இறங்கியது. நாலாவது மிதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் மாறியிருந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம். சைலன்சரிலிருந்து நீலப் புகை கொத்துக் கொத்தாக வந்து களத்தை மூடியது. கோடு விழுந்துவிட்டது. ஒரு கோடா, பத்தா, அதற்கு இனிமேல் கணக்கு எதற்கு?

"பாத்தியா! எந்திருச்சுட்டான்ல!" சித்தப்பா கைதட்டினார். அம்மா கும்பிட்டாள். அப்பா ஒரு கருதை எடுத்து நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தூரத்தில் இடி உருண்டது.

காப்பாற்ற அந்த வண்டியில் இனி ஒன்றுமில்லை. சோளமாவது மிஞ்சட்டும் என்று சேலைக் கிழிசலை அவிழ்த்து எறிந்துவிட்டு ஆக்ஸிலேட்டரை நானே பிடித்தேன். கடைசிக் கருது முடிகிற வரைக்கும், புகை முகத்தில் அடிக்க, இருமிக்கொண்டே முறுக்கினேன். மூட்டை கட்டி வீட்டுக்குள் ஏற்றவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "எஞ்சின்னா அதுதான்டா எஞ்சினு" என்றார். நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் எதிர் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க பைக்கு சோளம் உதுக்குதாமே, ஒங்க தம்பி சொன்னாரு. எங்க களத்துலயும் தார்ப்பா போட்டு மூடிக் கொஞ்சம் கெடக்கு. மதியம் கொண்டாந்து விட்டுர்றேன்."

"அதுக்கென்ன, எடுத்துட்டுப் போங்க" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

ஆணியிலிருந்த சாவியை எடுத்து எதிர் வீட்டுக்காரர் கையில் நானே வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு காலைப் பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் கிக்கரை உதைக்கிற சத்தமும், எஞ்சின் இருமுகிற சத்தமும் கேட்டன. ராத்திரி எதில் திரும்பி வருவாய் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.