நசுருதீன் பாயின் இருபது நிமிடம்

மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம் கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்க எனக்குத் தைரியம் வராது. நசுருதீன் பாய்க்கும் தைரியமெல்லாம் கிடையாது. பயம்தான் அவரைப் பிடுங்க வைக்கிறது.

"அம்மணி, ஒரு இருவது நிமிசமுங்க. மோட்டார் போட வேண்டாமுங்க, ஹீட்டர் போட வேண்டாமுங்க. இந்தச் சேர்ல அப்படியே உக்காந்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதிங்க."

"மூச்சு உடலாமுங்களா?" என்று கேட்டார் அந்த வீட்டுக்காரம்மா புவனா.

"உடுங்க. மெதுவா உடுங்க." சிரிக்காமல்தான் சொன்னார்.

பாய் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். நான் வயரிங்காரன். பதினாலு வருசமாக அவர் வண்டியின் பின்சீட்டு என்னுடையது. டவுன் பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற வரை டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருப்பார். செக்கர் ஏறாவிட்டால் ஏமாந்த மாதிரி முகம் வைப்பார். "பூட்டுன பூட்டை இழுத்துப் பாத்துப் பாத்தே மூணு பூட்டைக் கெடுத்துப்போட்டாருங்க" என்பார் அவர் சம்சாரம் இஸ்மத்.

புவனாவின் கோழிப்பண்ணை பல்லடத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஆறாயிரம் கோழி, நடுவே ஒற்றை வீடு. பக்கத்து வீடு என்றால் முக்கால் கிலோமீட்டர் தள்ளி கந்தப்பன் தோட்டம்தான். புவனாவின் வீட்டுக்காரர் சரவணன் வாரத்தில் நாலு நாள் கோழி லோடோடு பாலக்காடு போய்விடுவார். போன மாசம் அப்படி ஒரு நாளில் இரண்டு பேர் சுவர் ஏறிக் குதித்தார்கள். சைரன் அலறியது. அது கோழிகளுக்குத்தான் கேட்டது. அவர்களை விரட்டியது, தன் செல்லுக்கும் அலாரத்திலிருந்து போன் வந்ததால் ஓடிவந்த கந்தப்பன்.

அந்தப் போனைப் போடுவது அலாரப் பெட்டிக்குள் இருக்கும் உள்ளங்கை அகலமுள்ள நெட்வொர்க் கார்டு. அதில் இருக்கிற பழைய ஃபர்ம்வேர் இனிமேல் செல்லாது, புதியதை ஏற்று என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து சைரன் அடித்தாலும் போன் மட்டும் போவதில்லை.

"பழைய மூளையை அழிச்சுப்போட்டுத்தான் புது மூளையை எழுதுமுங்க" என்று புவனாவுக்கு விளக்கினார் பாய். "நடுவால கரண்டு போச்சுன்னா ரெண்டுமில்லீங்க. கார்டு வெறும் தகடு. புதுசு சென்னையிலிருந்து வரப் பத்து நாளாகுமுங்க."

சென்னிமலையில் ஒரு வீட்டில் ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. புதுக் கார்டு வருகிற வரை அந்த வீட்டுக் கார் ஷெட்டில் பாயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. அவருக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் பேட்டரி உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்தார். நல்ல அளவுதான். இருந்தாலும் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மீட்டருக்கு நல்லாத்தான் காட்டும் திருமூர்த்தி. லோடு ஏறுனா உக்காந்துக்கும்." லேப்டாப்பிலிருந்து கார்டுக்குக் கேபிள் மாட்டி, மாட்டியதை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, பிஸ்மில்லா சொல்லிப் பட்டனை அழுத்தினார்.

திரையில் சதவீதம் ஏறியது. பத்து. இருபத்தி நாலு. ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். நாற்பதுக்கு மேல் குரல் தேய்ந்துவிடும், உதடு மட்டும் அசையும்.

மூன்று மணிக்குத் தோட்டங்களுக்கு மும்முனைக் கரண்டு விட்டார்கள். சுற்றுவட்டார மோட்டார்கள் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன. ட்யூப்லைட் மங்கியது. புவனா எழுந்தார். சுவரில் ஃபேஸ் மாற்றுகிற திருகு இருக்கிறது; மூன்று லைனில் எதில் கரண்டு நன்றாக வருகிறதோ அதற்குத் திருப்பிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும் தறி ஓட்டுபவர்களுக்கும் விளக்கு மங்கினால் கை தானாக அங்கேதான் போகும். பாய் வீட்டில் இந்தத் திருகு கிடையாது, அதனால் அது அவர் நினைப்பில் இல்லை. எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மணி, வேண்..." என்று பாய் முடிப்பதற்குள்,

டக். வீடு இருண்டு, பளிச்சென்று விளக்கு வந்தது.

"இப்ப நல்லா வருது பாருங்க" என்று திரும்பிய புவனா, பாயின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

எழுபத்தொன்றில் நின்றது எண். பாய் திட்டவில்லை. பெட்டியைத் தொடவும் இல்லை. தொட்டால் போய்விடும் என்பது போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மூக்கு நுனியில் வேர்வை சேர்ந்தது.

"போயிருச்சுங்களா? அவரு இன்னிக்கும் லோடுக்குப் போறாருங்க." புவனா பழையபடி சேரில் உட்கார்ந்தார்.

"பேட்டரி புடிச்சிருக்கோணுமுங்க. புடிச்சிருக்கோணும்" என்றார் பாய். கொஞ்சம் கழித்து, "இல்லீன்னா நான் இங்கயே இருந்துக்கறனுங்க" என்றார்.

மூன்று நிமிடம் ஓடியிருக்கும். எழுபத்திரண்டு என்று காட்டியது. பாய் அதைப் படிக்கவில்லை. நான்தான் படித்தேன், நூறு வரைக்கும். பச்சை டிக் வந்தது. நான் கேபிளைச் சுருட்டினேன். புவனா டீ போடப் போனார். பாயைக் காணோம்.

திடீரென்று சைரன் அலறியது. ஆறாயிரம் கோழியும் சேர்ந்துகொண்டது. வெளியே ஓடினோம். காம்பவுண்டு சுவர்மேல் காலை இருபக்கமும் போட்டு உட்கார்ந்திருந்தார் பாய், காதைப் பொத்திக்கொண்டு.

"போனுங்க! போன் வந்துச்சுங்களா?"

புவனா செல்லைத் தூக்கிக் காட்டினார். அடித்துக்கொண்டிருந்தது. பாயின் கண் அதில் நிற்கவில்லை, கேட்டுக்குப் போனது. இரண்டு நிமிடம் ஆகவில்லை, மொபெட் சத்தம் வந்துவிட்டது. கந்தப்பன், கையில் கடப்பாரை.

"எவன்டா அது!"

"நம்ம அலாரத்துப் பாயிங்க மாமா! டெஸ்ட்டுங்க!" என்று கத்தினார் புவனா.

"சொல்லிப்போட்டு ஏறக்கூடாதாய்யா? மண்டையைப் பொளந்திருப்பேனே!"

சுவர்மேலிருந்து பாய் அவரைக் கும்பிட்டார். பிறகு ஒற்றை விரலைத் தூக்கி 'இன்னொருக்கா' என்று காட்டிவிட்டு, உள்பக்கம் கிடந்த காலை வெளிப்பக்கம் எடுத்துப் போட்டார்.