பல் டாக்டர் கொடுத்த பிரஷ்

பெயிண்ட் தெளிக்கும் என் ஏர்பிரஷ் திடீரென்று பான் போட்டவன் மாதிரி மாடல் விமானத்தின் இறக்கையில் துப்ப ஆரம்பித்தது. பிரித்தால் நாசிலுக்குள் காய்ந்த பெயிண்ட். தின்னரில் ஊறப்போட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், சனியன் அசையவில்லை. கடைசியில், பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கச் சொல்லி கச்சிபௌலி ஏரியா பல் டாக்டரம்மா கொடுத்திருந்த குட்டி பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றினேன். நாசில் பளபளத்தது. அன்றிலிருந்து அந்த பிரஷ் அதற்கே.

அடுத்த முறை போனபோது, "நான் கொடுத்த பிரஷ்ஷை தினமும் யூஸ் பண்றீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட விட்டதில்லை டாக்டர்" என்றேன். சத்தியமான உண்மை.

"அப்புறம் எப்படி ஈறு இவ்ளோ மோசமா இருக்கு?" என்று குழம்பியவர், அதே பிரஷ் இன்னும் இரண்டு பாக்கெட் எழுதிக்கொடுத்தார். நல்ல மனுஷி. பழைய பிரஷ் பெயிண்டில் விறைத்துப்போனது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!